ஆலைகளுக்கு அருகே ஓர் ஆற்றங்கரை நகரம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஒரகடத்தை நெருங்கும்போது கண்ணில் படுபவை ஆலைகளின் நீண்ட மதில்களும், அவற்றின் வாயில்களில் வரிசைகட்டி நிற்கும் சரக்குந்துகளும்தான். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹுண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது; 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், 2012-இல் டெய்ம்லர் சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஒரு வட்டாரம் ஒரு தலைமுறைக்குள் நாட்டின் முன்னணி வாகன, மின்னணு உற்பத்தி மையங்களுள் ஒன்றாகிவிட்டது. இதே சாலையில் மேலும் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் காஞ்சிபுரம் வந்துவிடும். ஆனால், இந்த ஆலைகளில் பணியாற்றும் ஆயிரக்கணக்கான வெளியூர்க்காரர்களில் எத்தனை பேர் அந்த ஒரு மணி நேரப் பயணத்தை மேற்கொள்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு ஒப்பீடாகச் சீனத்தின் சாவ்சோ நகரம் நினைவுக்கு வருகிறது. குவாங்தோங் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், ஹான் ஆற்றின் கரையில் அமைந்த அந்நகரம் தியோச்சூ மக்களின் தாயகம். அதன் கடற்கரை அண்டை நகரமான சாந்தோ, 1980-இல் சீன அரசு தேர்ந்தெடுத்த முதல் நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்களுள் ஒன்று. பழம்பெரும் பண்பாட்டு நகரத்தின் அருகிலேயே ஒரு தொழில் மண்டலம் என்ற வகையில் சாவ்சோவுக்குச் சாந்தோ எப்படியோ, அப்படித்தான் காஞ்சிக்கு ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும்.

சாவ்சோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கி.பி. 819-இல் தாங் பேரரசர் புத்தரின் எலும்பைப் பெருவிழா எடுத்து வழிபட்டதைக் கண்டித்து எழுதிய ஹான் யூ என்ற அறிஞர், தண்டனையாக அங்கே அனுப்பப்பட்டார். அவர் அங்கிருந்தது ஓராண்டுகூட இல்லை. எனினும், அவ்வூர் மக்கள் ஆற்றுக்கே அவர் பெயரைச் சூட்டிவிட்டனர். அந்த ஆற்றின் குறுக்கே 12-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பட்ட குவாங்ஜி பாலத்தின் இரு முனைகளும் கல்லால் ஆனவை. நடுப்பகுதியோ பிணைக்கப்பட்ட படகுகளால் ஆனது. கப்பல்கள் வந்தால் படகுகளைப் பிரித்து வழிவிடுவார்கள். 738-இல் நிறுவப்பட்ட கையுவான் புத்தப் பள்ளி இன்றும் வழிபாட்டில் உள்ளது.

கடலோடிகளான தியோச்சூ மக்கள் தாய்லாந்து, சிங்கப்பூர், மலாயா என்று பரவினர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் தமிழர்கள் உண்டு பழகிய 'கொய்தியாவ்' என்னும் பட்டை அரிசி நூடுல்ஸின் பெயர் அவர்கள் பேச்சுமொழிக் குடும்பத்திலிருந்து வந்ததே. காலையில் நீர்த்த அரிசிக் கஞ்சியும் அதற்குத் தொட்டுக்கொள்ள உப்பிட்ட காய்கறி, மீன் வகைகளும் அவர்களின் அடையாள உணவு. பழைய சோற்றையும் ஊறுகாயையும் அறிந்த நமக்கு இது அந்நியமன்று. 2023-இல் யுனெஸ்கோ சாவ்சோவைத் தன் 'படைப்பாக்க நகரங்கள்' வலையமைப்பில் உணவுக்கலை நகரமாகச் சேர்த்துக்கொண்டது. சிறு கிண்ணங்களில் தேநீர் பரிமாறும் அவர்களது முறையைக் காண்பதற்கென்றே பயணிகள் செல்கிறார்கள்.

காஞ்சிக்கும் சீனத்துக்கும் உள்ள உறவு வெறும் ஒப்பீட்டளவிலானது அன்று. 7-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் யுவான் சுவாங் இந்நகருக்கு வந்து, நூற்றுக்கும் குறையாத பௌத்தப் பள்ளிகளையும் பதினாயிரம் துறவிகளையும் எண்பது தேவர் கோயில்களையும் குறித்துவைத்தார். நாளந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதும் அவர் தரும் செய்தியே. 720-இல் இராசசிம்ம பல்லவன் தாங் அரசவைக்குத் தூது அனுப்பினான். பிற்காலத்தில், சாவ்சோவுக்கு வடகிழக்கே அதே கடற்கரையிலுள்ள சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் எழுப்பினர். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்-சீனக் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்துள்ளது. 2019 அக்டோபரில் சீன அதிபரும் நம் பிரதமரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது இவையெல்லாம் ஓரிரு நாள் செய்தியாயின, பிறகு மறந்துபோனோம்.

காஞ்சிபுரத்தில் ஒரே நாளைச் செலவிட முடிந்தவர் கைலாசநாதர் கோயிலில் தொடங்குவது நல்லது. காலை வெயிலில் அதன் மணற்கல் தனி நிறம் கொள்ளும். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் கட்டிய இக்கோயிலின் திருச்சுற்றில் 58 சிறு கோட்டங்கள் உள்ளன. சிலவற்றில் பழைய ஓவியத்தின் வண்ணச் சுவடுகள் இன்னும் தென்படுகின்றன. பல்லவரின் பகைவனான சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றியபோது இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பி அளித்ததாகக் கன்னடக் கல்வெட்டு ஒன்று இங்கேயே கூறுகிறது. வென்றவன் சூறையாடாததைத் தானே கல்லில் எழுதிவைத்த நிகழ்வுகள் நம் வரலாற்றில் மிகுதியில்லை. இக்கோயிலின் தாக்கத்தைக் கர்நாடகத்தின் பட்டடக்கல்லில் அவன் காலத்தில் எழுந்த விருபாட்சர் கோயிலில் காணலாம்.

அடுத்து வைகுந்தப் பெருமாள் கோயில். பல்லவர் வரலாற்றைத் திருச்சுற்றுச் சுவரில் சிற்ப வரிசையாகச் சொல்லும் கோயில் இது. வரலாற்று மாணவருக்குப் பாடநூலுக்கு நிகரானது. ஏகாம்பரநாதரின் தெற்கு இராசகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. நகரின் மறுகோடியில் திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் கூரை ஓவியங்கள் உள்ளன. அங்கே கூட்டமே இராது என்பது ஒருவகையில் வசதி. பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடைசாத்திப் பிற்பகல் நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதை வெளியூர்ப் பயணி அறிந்திருப்பதில்லை. நகரத்தில் அந்த நான்கு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்பதற்கு இன்றுவரை நல்ல ஏற்பாடு இல்லை.

வரதராசப் பெருமாள் கோயில் இந்தத் தொழில் வழித்தடத்தோடு நேரடித் தொடர்புடையது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர் கல்வி தேடி வந்தது காஞ்சிக்குத்தான். சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் நீர் சுமந்துவந்து வரதனுக்குத் தொண்டு செய்தார் என்பது வைணவ மரபு. பெரும்புதூரிலிருந்து காஞ்சிக்கு இளைஞர்கள் சென்ற காலம் அது. இன்று போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. காஞ்சியின் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஆலைப் பேருந்துகளில் ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்கிறார்கள்.

உணவைப் பற்றி. இக்கோயிலில் நிவேதனமாகும் குடலை இட்லிதான் உண்மையான காஞ்சிபுரம் இட்லி. அரிசியையும் உளுந்தையும் சற்றுக் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய நீண்ட மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். மூங்கிலின் மணமும் இலையின் மணமும் அதில் இறங்கும். ஓரிரு நாள் கெடாது என்பதால் யாத்திரிகர்க்கு ஏற்ற உணவு. சென்னை உணவகங்களில் முந்திரி தாளித்துக் காஞ்சிபுரம் இட்லி என்ற பெயரில் தருவதைத் தின்றுவிட்டு ஏமாந்தவர்கள் உண்டு. நகரத்தில் இதைச் செய்வோர் சிலரே. குடலை முடைவதும் மந்தாரை இலை தைப்பதும் சில குடும்பங்களுக்கு வருவாய் தரக்கூடிய தொழில்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சாவ்சோ தன் கஞ்சியைக்கூட உலகறியச் செய்துவிட்டது.

பட்டுக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் மூலப்பொருள் எதுவும் காஞ்சியில் விளைவதில்லை. பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. இந்நகரம் சேர்ப்பது உழைப்பும் நுட்பமும் மட்டுமே. உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் அமையும் 'கோர்வை' முறையில் மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளருக்கு அருகில் ஒரு துணையாள் வேண்டும். ஒரு காலத்தில் அந்தத் துணையாள் பெரும்பாலும் பள்ளிக்குச் செல்லாத சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தான் என்ற உண்மையை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், துணையாள் கிடைப்பது அரிதாயிற்று, கோர்வையும் குறைந்தது. பொருளியல் நோக்கில், இத்தொழில் தன் உண்மையான செலவை அதுவரை கொடுத்துவரவில்லை என்பதே இதன் பொருள்.

ஆகவே, நெசவாளரின் மகன் ஆலைக்குப் போகிறானே என்று அங்கலாய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, ஈட்டுறுதி மருத்துவம் ஆகியவற்றை விட்டுவிட்டு, சேலைக்கு இவ்வளவு கூலி என்று தறிக்குழியில் கால் தொங்கவிட்டு அமரச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால், 2005-இல் புவிசார் குறியீடு பெற்றும், 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இருந்தும், விசைத்தறிச் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கப்படுவதைத் தடுக்க இயலாமல் போனது ஆட்சியின் தோல்வி. போலியோடு போட்டியிடும்போது உண்மையான பொருளின் விலைதான் வீழும். விலை வீழ்ந்தால் கூலி வீழும். தறியிலிருந்து மகன் எழுந்து போவது ஆலையின் ஈர்ப்பால் மட்டுமன்று. தறியின் கூலியும் அவனை வெளியே தள்ளுகிறது.

இங்கேதான் பயணியின் பங்கு வருகிறது. காஞ்சிக்கு வருவோர் குறைவல்லர். 2019 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியை ஒட்டிச் சொல்லப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி இந்நகரின் மக்கள்தொகை 1,64,384. ஆனால், வருபவர் பலரும் காலையில் வந்து, வழிபட்டு, முகூர்த்தப் புடவை வாங்கி, மாலையில் திரும்புகிறார்கள். தங்குவதில்லை, தறியைப் பார்ப்பதில்லை. அவர்கள் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி பெரிய கடைகளின் கல்லாவில் முடிகிறது. 2015-இல் மத்திய அரசின் மரபு நகர மேம்பாட்டுத் திட்டத்தில் தேர்வான 12 நகரங்களில் காஞ்சியும் ஒன்று. அத்திட்டம் 2019-இல் முடிந்தது. 2021-இல் காஞ்சிக் கோயில்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியல்கள் வந்துகொண்டிருக்கின்றன, நெசவாளர் தெருவில் ஒரு பயணி அமர்ந்து தறி ஓடுவதைப் பார்த்து, நெய்தவரிடமே விலைகொடுத்து வாங்கும் ஏற்பாடுதான் வரவில்லை.

இதற்கான வாடிக்கையாளர்கள் வெகு தொலைவில் இல்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அதில் தங்கும் பெண்களுக்கும், வட மாநிலங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் நெருங்கி வாழும் இளைஞர்களுக்கும், ஸ்ரீபெரும்புதூரில் குடியேறிய கொரிய, ஜப்பானியக் குடும்பங்களுக்கும் வார விடுமுறை உண்டு. யுவான் சுவாங்கின் குறிப்புகளைக் கல்வியாகக் கற்ற கீழ்த்திசை நாட்டவருக்குக் காஞ்சி என்ற பெயர் அறிமுகமானது. ஞாயிறுதோறும் ஒரகடத்திலிருந்தும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் ஒரு சுற்றுலாப் பேருந்து, தமிழோடு இந்தியிலும் ஆங்கிலத்திலும் கொரிய மொழியிலும் அறிவிப்புப் பலகைகள், நண்பகல் வேளையில் தறிக்கூடத்தைப் பார்க்க ஓர் ஏற்பாடு – இவற்றுக்குப் பெருந்தொகை தேவையில்லை. இவ்வட்டாரத்து நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு சிறு பகுதியே போதும்.

இனி ஆறு. சாவ்சோவை ஆற்றங்கரை நகரம் என்று சொன்னால் ஆறு தெரியும். காஞ்சியை அப்படிச் சொன்னால் இன்று பலர் வியப்பார்கள். நகருக்குள் ஓடும் வேகவதியைத் தடுக்கத் திருமாலே குறுக்கே கிடந்தார் என்பது திருவெஃகாத் தலவரலாறு. அத்தனை வேகமாக ஓடியதாகச் சொல்லப்படும் ஆறு இன்று கழிவுநீர் வாய்க்காலாகவும் ஆக்கிரமிப்புப் பகுதியாகவும் காட்சி தருகிறது. கரையோரக் குடும்பங்களைக் கீழ்க்கதிர்ப்பூருக்கு மாற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. குடியிருப்பை அகற்றுவதை மட்டும் பேசுவோர் சாக்கடை ஆற்றில் சேர்வதைப் பற்றிப் பேசுவதில்லை. பாலாற்றின் மணலை அள்ளி நகரங்களைக் கட்டினோம். மணலில் தேங்கிய ஊற்றுநீர் இறங்கிப்போயிற்று. மேற்கே தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு குறித்து உச்சநீதிமன்றம் 1996-லேயே கடுமையாகத் தீர்ப்பளித்தது. 2022-இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்ட நாள்முதல் ஏகனாபுரம் மக்கள் நடத்தும் போராட்டத்தின் மையத்திலும் ஏரியும் நன்செய்யும்தான் உள்ளன. தொழில் வளர்ச்சிக்கு நான் எதிரி அல்லன். நீர்க்கணக்கு எழுதாத வளர்ச்சிக் கணக்கை மட்டும் ஏற்பதற்கில்லை.

ஆற்றை ஆறாகவே காண விரும்புவோர் வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் பழையசீவரம் செல்லலாம். எதிர்க்கரையில் திருமுக்கூடல், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழன் காலக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் இயங்கிய 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றியும், அதில் பணியாற்றிய மருத்துவர், அறுவை செய்வோர், நோயாளிகளைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கு அளந்த நெல்லைப் பற்றியும், அருகிலிருந்த மாணவர் விடுதியைப் பற்றியும் விரிவாகக் கூறுகிறது. மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பிறகு திருமுக்கூடலில் சுற்றுவட்டாரப் பெருமாள்களோடு சேர்ந்து காட்சி தரும் பார்வேட்டை விழா இன்றும் நடக்கிறது. கரும்பும் கடலையும் விற்கும் கடைகள் ஆற்றங்கரையில் முளைக்கும் அந்த நாளில் ஆலைகள் பலவற்றுக்கும் விடுமுறைதான்.