கோச்சி ஏறிய மக்கள்

பசுபிக் மாகடலின் நடுவே நியுவே என்றொரு சிறு தீவு உண்டு. 1960களில் அங்கே ஐயாயிரம் பேர் வரை வாழ்ந்தனர். இன்றோ இரண்டாயிரத்துக்கும் குறைவு. நியூசிலாந்து 1948இல் இயற்றிய சட்டம் அத்தீவினரைத் தன் குடிமக்களாக ஏற்றது. ஆதலின் அவர்கள் பிழைப்புத் தேடி அந்நாடு சென்றனர். விரும்பியபோது மீளவும் வழியிருந்தது. அதே 1948இல் இலங்கையில் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டமோ, நுவரெலியா, அட்டன் முதலிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை வளர்த்தவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நம் மலைநாட்டின் குடிகுறைந்த வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்பாடு செய்தனர். 975,000 பேருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்பது கணக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இந்திரா காந்தியுடன் செய்த உடன்பாடு சரிபாதியாகப் பகிர்ந்தது. பகிரப்பட்ட மக்களைக் கேட்டுச் செய்த ஏற்பாடன்று அது.

அட்டன் நிலையத்திலிருந்து தாயகம் திரும்புவோரை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மலையகத்தார் ‘அழுகைக் கோச்சி’ என்பர். தமையனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என ஒரே குடும்பம் இரண்டானதுண்டு. ‘தாயகம்’ என்கிறோம், சென்றவருட் பலர் அதனைக் கண்ணாலும் கண்டவரல்லர். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோர் மண்டபம் முகாமை அடைந்தனர். தோட்டங்களுக்கு வருமுன் அவர்தம் முன்னோர் பலர் நோய்ச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்டதும் அதே மண்டபத்திலேதான்! நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் சிலருக்கு வேலை தந்தன. ஏனையோர் பலருக்குக் கிடைத்தது சிறுவணிகக் கடன். கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து வெட்டவும் பழகிய கைக்குத் தராசைக் கொடுத்த திட்டம் எங்ஙனம் பலிக்கும்? கடன் கரைந்ததும் பலர் கூலிவேலைக்கே மீண்டனர்.

1984இல் கப்பல் நின்றது. எஞ்சியிருந்த நாடற்றவருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கியது. ஆயினும் ஆள் குறைதல் நிற்கவில்லை. இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும், பெண்கள் மத்திய கிழக்கு வீடுகளுக்கும் போகின்றனர். கூலி போதாமை ஒரு காரணமே. மற்றொன்று, என் கருத்தில் அதனினும் பெரியது, வீடு. லயத்துக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. அதில் வாழ்வோருக்குப் பெரும்பாலும் உறுதி இல்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வீட்டில் ஒருவராவது இருக்கவேண்டும் என்ற அச்சத்தால், மகன் கொழும்பிலிருக்க முதிய தாய் கூடையை இறக்காதிருக்கிறாள். ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் பெற்ற குடும்பங்கள் உண்டு, பெறாதவையே மிகுதி.