சாவியா, மருந்தா?

வைகைக் கரைச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நாம் பாடம் நடத்துகையில், மாணவி ஒருத்தி வலிப்புற்று வீழ்ந்தாள். "இரும்பைக் கொடுங்கள்!" எனக் கூவினர் கூடினோர். அவள் கையில் சாவியொன்று திணிக்கப்பட்டது. இரண்டு நிமிடங்களில் வலிப்பு ஓய்ந்தது. மூளையில் எழுந்த மின்கொந்தளிப்பு தானே அடங்கிற்று. புகழைத் தட்டிச் சென்றதோ துருப்பிடித்த சாவி!

மதுரைக்குச் சென்று மருத்துவரைக் காணுமாறு சொன்னோம். "மருந்துண்டால் ஊர் அறியும், ஊர் அறிந்தால் மணம் ஏது?" என்றார் தாய்.

அன்னையே, வரலாற்றைக் கேளுங்கள்! இது தெய்வ நோயன்று, மூளை நோயே என்று ஹிப்போகிரட்டீஸ் மரபினர் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே உரைத்தனர். ஆயினும் பயன்தரும் மருந்துக்கு உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. 1857இல் இலண்டனில் சார்லஸ் லோகாக் புரோமைடின் பயனை உரைத்தார். அது வலிப்பைத் தணித்தது, அறிவையும் மழுக்கிற்று. 1912இல் ஜெர்மானியர் ஹாப்ட்மன் பீனோபார்பிட்டாலின் ஆற்றலைக் கண்டார். உடன் வந்தது உறக்கம். 1938இல் அமெரிக்கர் மெரிட்டும் புட்னமும் பெனிட்டாயினைத் தந்தனர். அது உறக்கத்தைக் குறைத்தது, ஈறுகளை வீங்கச் செய்தது. 1962இல் பிரான்சில் வால்புரோயேட்டின் ஆற்றல் தற்செயலாய் வெளிப்பட்டது. கருவுற்றவள் உண்டால் சேய்க்கு உறுப்புக் குறையும் அறிவு வளர்ச்சிக் குறையும் நேரலாம் என்பது பின்னரே தெளிவாயிற்று.

புதியவை பழுதற்றவையோ? அல்ல! லாமோட்ரிஜினின் அளவை விரைந்து கூட்டினால் கொடிய தோல் கொப்புளம் தோன்றலாம். டோபிராமேட் உண்போர் சிலர் சொல் கிடைக்காது தடுமாறுவர். லெவெடிராசெட்டாம் சிலருக்குச் சினத்தை மூட்டும். ஆயினும் பெண்ணின் வயதும் வாழ்வும் நோக்கி ஏற்றதைத் தேர்ந்தெடுக்க இன்று வழியுண்டு. சாவியை வணங்கியதுபோல் மாத்திரையையும் வணங்க வேண்டா, "இதனால் என்ன தீங்கு?" என மருத்துவரைக் கேளுங்கள். அஞ்சித் திடீரென நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு முன்னினும் மூர்க்கமாய்த் தாக்கும்!

மணம் ஏது என்கிறீர்களா? இந்து திருமணச் சட்டத்தின் 1976ஆம் ஆண்டுத் திருத்தம், பித்தோடு வலிப்பையும் சேர்த்து மணத்துக்குத் தடையாக்கிற்று. 1999இல் வலிப்பு என்னும் சொல் நீக்கப்பட்டது. ஏட்டிலிருந்து அகன்ற சொல் ஊராரின் உள்ளத்திலிருந்து அகலவில்லையே! மணமகன் வீட்டார்க்கு மறைத்து, மாத்திரையைக் கைவிட்டு, அடுப்படியில் வீழ்ந்து வெந்த பெண்கள் எத்தனை பேர்!

மறைப்பதே பகை, மருந்தன்று. மகளின் கையிலுள்ள சாவியை வாங்குங்கள். அதைக்கொண்டு வீட்டைப் பூட்டிவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு மதுரைக்குப் பேருந்து ஏறுங்கள்!