மால்குடி: ஒரு பெயரின் பிறப்பும் பெங்களூரு வழக்கும்

ஊர் முன்னர்த் தோன்றும். பெயர் பின்னர் வழங்கத் தொடங்கும். ஊர்ப்பெயராய்வு இவ்வரிசையை இயல்பெனக் கொண்டே தன் முறைகளை வகுத்துக்கொண்டுள்ளது. ஆற்றையோ மரத்தையோ கோயிலையோ குடியேறிய மக்களையோ அடையாளங்கண்டு, அதிலிருந்து பெயரை விளக்குவது அதன் வழக்கம். பெயரோடு ஒரு காட்சி மட்டும் தோன்றி, அதன்மேல் ஓர் ஊர் பின்னர் எழுந்த நிகழ்ச்சிகள் அரியன. அவற்றுள் ஒன்று பெங்களூரில் நிகழ்ந்தது. 1935 தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆர். கே. நாராயணின் புனைகதைகளுக்குக் களமாக விளங்கிய மால்குடி அவ்வாறு பிறந்த ஊராகும்.

நாராயண் 1906இல் சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டியின் வளர்ப்பில் இளமையைக் கழித்தபின், தந்தையார் தலைமையாசிரியராகப் பணியாற்றிய மைசூருக்குச் சென்று, 1930இல் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். வீட்டுமொழி தமிழ், தெருவின் மொழி கன்னடம், எழுத எடுத்துக்கொண்ட மொழி ஆங்கிலம். பெங்களூரில் பாட்டியுடன் தங்கியிருந்தபோது, அவ்வம்மையார் நல்ல நாள் என்று குறித்துக் கொடுத்த ஒரு நாளில் குறிப்பேடு ஒன்றை வாங்கித் தம் முதற் புதினத்தைத் தொடங்கியதாக அவர் 1974இல் வெளியான தன்வரலாற்றில் கூறுகிறார். அந்நூல் அதனைச் செப்டம்பர் மாதத்து நாள் என்கிறது. வேறிடத்தில் அவரே அதனை விஜயதசமி என்கிறார். 1930இல் விஜயதசமி அக்டோபர்த் தொடக்கத்தில் வந்தது. ஆகவே இரு கூற்றுகளுக்கும் இடையே சில நாள் வேறுபாடு உண்டு. நாற்பதாண்டு கடந்த நினைவில் இது பெரிய முரணன்று. குழந்தைகளுக்கு நெல்லில் எழுத்தறிவிக்கும் நாளில் பேரன் எழுதத் தொடங்கவேண்டும் எனப் பாட்டி விரும்பியிருத்தல் இயல்பே.

அன்று அவர் மனக்கண்முன் தோன்றியது ஊரன்று. ஒரு ரயில் நிலையம். சிறிய நடைமேடை, ஓர் ஆலமரம், ஒரு நிலைய அதிகாரி, நாளொன்றுக்கு இரண்டு வண்டிகள்: ஒன்று வருவது, மற்றொன்று போவது. மால்குடி என்னும் பெயரும் உடன் வந்தது. வண்டி அந்நிலையத்தை வந்தடைந்த செய்தியே அவர் எழுதிய முதல் தொடர். ஆனால் அச்சேறிய நூலின் தொடக்கத்தில் அத்தொடர் இல்லை. ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் அப்புதினம் ஒரு திங்கட்கிழமைக் காலையில் தொடங்குகிறது. நடைமேடையோ இறுதிக் காட்சிக்குச் சென்றுவிட்டது. ஊரைவிட்டுப் போகும் நண்பன் ராஜத்திற்குப் புத்தகம் ஒன்றைக் கொடுப்பதற்காகச் சுவாமிநாதன் அங்கே தவிக்கிறான். தன்வரலாறு தரும் முதற்காட்சியிலும் அதே சிறுவன் பயணிகளின் முகங்களைப் பார்த்தவாறு நடைமேடையில் ஓடுகிறான். தொடக்கத்தில் கண்டதை ஆசிரியர் நூல் முழுவதும் கைவிடாது வைத்திருந்து முடிவில் பயன்படுத்தியுள்ளார் எனக் கொள்ள இடமுண்டு.

பெங்களூர் மக்களிடையே இப்பெயருக்கு வேறொரு விளக்கம் வழங்குகிறது. மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய இரு பகுதிகளின் பெயர்களில் முன்னதன் தலையையும் பின்னதன் வாலையும் இணைத்து நாராயண் மால்குடியை ஆக்கினார் என்பது அது. இரண்டும் 1890களில் திட்டமிட்டு உருவாக்கப்பெற்ற குடியிருப்புகள். இரண்டுமே கோயிலால் பெயர் பெற்றவை. விளக்கம் கவர்ச்சியானது, சான்று வலியது அன்று. நாராயண் தம் தன்வரலாற்றில் இவ்விரு பகுதிகளையும் இப்பெயரோடு தொடர்புபடுத்தவில்லை. மல்லேசுவரம் என்பதன் முதலெழுத்து குறில்; அடுத்து லகரம் இரட்டித்து நிற்கிறது. மால்குடியிலோ, இந்திய மொழிகளின் வழக்கில், முதலெழுத்து நெடில். ஆங்கில எழுத்துமுறை இந்நெடிலை மறைத்துவிடுவதால்தான் இவ்விணைப்பு எளிதாகத் தோன்றுகிறது. அன்றியும், சொற்களைப் பொருட்கூறு நோக்காது துண்டித்து ஒட்டும் கலப்புச்சொல்லாக்கம் நம் ஊர்ப்பெயர் மரபில் மிக அருகியே காணப்படுவது.

பின்னொட்டில் உள்ள ககரத்தின் ஒலிப்பு இங்குக் கருதத்தக்கது. கன்னடத்தில் ‘குடி’ என்பது ஒலிப்புடைய ககரத்தோடு கோயிலைக் குறிக்கும். பசவனகுடி நந்தி கோயிலால் பெற்ற பெயர். தமிழில் ‘குடி’ குடியிருப்பைக் குறிக்கும். காரைக்குடி, தூத்துக்குடி என உயிரை அடுத்து வல்லினம் மிகுமிடத்தில் ககரம் ஒலிப்பற்றதாகவும், மன்னார்குடி, லால்குடி என இடையினத்தை அடுத்துத் தனித்து நிற்குமிடத்தில் ஒலிப்புடையதாகவும் வழங்குகிறது. இப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவோரும் இவ்வேறுபாட்டைப் பெரிதும் பேணுகின்றனர். லகரத்தை அடுத்த மால்குடியின் ககரம் தமிழ் ஒலிவிதிப்படியே ஒலிப்புடையதாகிவிடும். அதனை விளக்கப் பசவனகுடியின் துணை வேண்டியதில்லை.

நாராயண் பேசியவற்றிலேயே வேறொரு குறிப்பு உள்ளது. மெய்யான ஓர் ஊரைப் பற்றி எழுதுவதற்கு வேண்டிய செய்தித் துல்லியம் தமக்குக் கைவராது என்று சொல்லும்போது, அத்தகைய ஊருக்கு எடுத்துக்காட்டாக அவர் கூறியது திருச்சிராப்பள்ளியை அடுத்த லால்குடியை. இரு பெயர்களும் முதல் மெய் ஒன்றில் மட்டுமே வேறுபடும் இணை. லால்குடியிலிருந்து மால்குடி பிறந்தது என அவர் சொன்னதில்லை. உறுதியாகச் சொல்ல நமக்கும் உரிமையில்லை. எனினும் மாற்றத்தின் பயன் நோக்கத்தக்கது. தொல்காப்பிய நெறிப்படி லகரம் சொல்லுக்கு முதலாகாது. எனவேதான் இலால்குடி எனவும் எழுதுகிறோம். மகரமோ எல்லா உயிரோடும் முதலாகும். மேலும் ‘மால்’ திருமாலின் பெயர். ஆகவே இல்லாத ஊரின் பெயர் இருக்கும் ஊரின் பெயரைக் காட்டிலும் தமிழ்த்தன்மை மிக்கதாக அமைந்துவிட்டது! லால்குடிக்கும் ஒரு கதை உண்டு. திருத்தவத்துறை என்னும் அவ்வூரின் சிவந்த கோபுரத்தைக் கண்ட வேற்றுமொழியாளர் சிவப்பைக் குறிக்கும் ‘லால்’ என்னும் சொல்லால் அதனைச் சுட்டினர் என்பர். மக்கள் வழக்கிலான சொற்பிறப்பு விளக்கம், மெய்யூர் புனைவூர் என்று வேறுபாடு பார்ப்பதில்லை போலும்.

இவ்வாராய்ச்சி மொழிபெயர்ப்பாளருக்கு வெறும் பெயர் வேட்கையன்று. மால்குடியைப் பெங்களூரின் மாற்றுருவாகக் கொள்பவர் அதன் தெருக்களையும் அவ்வாறே பெயர்க்க முற்படுவர். நாராயணின் எல்லம்மன் தெருவும் விநாயக முதலி தெருவும் நல்லப்பா தோப்பும் தமிழில் எழுதப்படும்போது மொழிபெயர்க்கப்படுவதில்லை. தம் பழைய வீட்டிற்குத் திரும்புகின்றன. அதே ஊரில் லாலி எக்ஸ்டென்ஷனும் உள்ளது. மைசூர், பெங்களூர்ப் பகுதிகளில் புதுக்குடியிருப்புகளுக்கு வழங்கும் அச்சொல்லை ‘விரிவு’ என்று தமிழாக்கினால் ஊரின் ஒரு பகுதி அழிந்துவிடும். ஒரே வரைபடத்தில் இருமொழித் தெருக்களும் இருப்பதே இவ்வூரின் இயல்பு. மொழிபெயர்ப்பாளர் அதனை ஒருமைப்படுத்தாமல் விடுதல் நன்று. பெயரைப் பொறுத்தவரை, நெடிலோடு கூடிய ‘மால்குடி’ என்னும் வடிவமே தமிழில் நிலைத்துவிட்டது, மாற்றுவதற்குக் காரணமில்லை.

ஆசிரியரின் பெயரும் இதே காலத்தில் குறுகியது. நாராயணசுவாமி என்றிருந்தவர் 1935இல் அச்சேறும்போது, கிரகாம் கிரீனின் யோசனைப்படி நாராயண் ஆனார். தமிழ் வழக்கு எதிர்பார்க்கும் ‘அன்’ ஈறு அதில் இல்லை.

மால்குடி கற்பனையூரே, எந்த வரைபடத்திலும் காணக்கிடைக்காதது என்று நாராயண் 1982இல் வெளியான ‘மால்குடி நாட்கள்’ தொகுப்பின் முன்னுரையில் எழுதினார். சிகாகோப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட இலக்கிய வரைபட நூலொன்று அதற்கு இடம் குறித்துவிட்டதையும் அங்கேயே சொல்லிச் சிரித்துக்கொண்டார். சங்கர் நாக் 1980களில் இக்கதைகளைத் தூர்தர்ஷன் தொடராக எடுத்தபோது சிவமொக்கா மாவட்டத்து ஆகும்பே ஊரானது. அம்மாவட்டத்தின் அரசாளு ரயில் நிலையம் மால்குடி நிலையமாயிற்று. 2020இல் அந்நிலையத்தின் பழைய கட்டடம் மால்குடி அருங்காட்சியகமாகத் திறக்கப்பெற்றது. ரயில்வே கால அட்டவணையில் நிலையத்தின் பெயர் அரசாளு என்றே உள்ளது.