மழலையர் பகல் காப்பகப் பணியாளர் அமைப்பு (இங்கிலாந்து)

மழலையர் பகல் காப்பகம் என்பது பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளைப் பெற்றோர் பணிக்குச் செல்லும் பகல் வேளைகளில் பராமரித்து, அவர்களது தொடக்கக் கற்றலுக்கும் வழிசெய்யும் நிலையம் ஆகும். இங்கிலாந்தில் இத்தகைய காப்பகங்களில் எத்தனை பேர், எந்தத் தகுதியுடன், எந்தப் பொறுப்பில் பணியாற்ற வேண்டும் என்பது சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளது. ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகளான ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் தனித்தனி விதிமுறைகள் உள்ளன.

சட்டப் பின்னணி

குழந்தைக் காப்பகங்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் பொறுப்பு 2001 ஆம் ஆண்டு உள்ளூராட்சி அமைப்புகளிடமிருந்து ஆஃப்ஸ்டெட் என்னும் அரசு ஆய்வு அமைப்புக்கு மாற்றப்பட்டது. 2006 இல் இயற்றப்பட்ட குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின் அடிப்படையில், பிறப்பு முதல் ஐந்து வயது வரையான குழந்தைகளுக்குரிய பொதுக் கட்டமைப்பு ஒன்று 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தது. பணியாளர் எண்ணிக்கை, தகுதி, பாதுகாப்பு ஆகியவை பற்றிய கட்டாய விதிகள் இக்கட்டமைப்பிலேயே அடங்கியுள்ளன. இது அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது.

பணியாளர் - குழந்தை விகிதம்

காப்பகங்களில் பேணப்பட வேண்டிய குறைந்தபட்ச விகிதம் வருமாறு:

- 2 வயதுக்குட்பட்டோர்: 3 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர்
- 2 வயதுக் குழந்தைகள்: 5 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் (2023 செப்டெம்பருக்கு முன்னர் 4 குழந்தைகளுக்கு ஒருவர்)
- 3 வயதும் அதற்கு மேலும்: 8 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர். ஆசிரியர் தகுதி போன்ற ஆறாம் நிலைத் தகுதி பெற்ற ஒருவர் குழந்தைகளுடன் நேரடியாகப் பணியாற்றும்போது 13 குழந்தைகளுக்கு ஒருவர்

எடுத்துக்காட்டாக, 2 வயதுக்குட்பட்டோர் 6 பேர், 2 வயதினர் 10 பேர், 3 வயதுக்கு மேற்பட்டோர் 24 பேர் உள்ள ஒரு காப்பகத்துக்கு முறையே 2, 2, 3 என மொத்தம் 7 பணியாளர்கள் தேவை. மூத்த குழந்தைகளில் மேலும் ஒருவர் சேர்ந்து 25 ஆனால், அப்பிரிவுக்கு மட்டும் 4 பேர் தேவைப்படுவர்.

இந்த 7 என்பது ஒரே வேளையில் குழந்தைகளுடன் இருக்க வேண்டியோரின் எண்ணிக்கையே தவிர, நிலையத்தின் மொத்தப் பணியாளர் எண்ணிக்கை அன்று. காப்பகம் நாளொன்றுக்கு 10 மணி நேரம் திறந்திருந்து ஒருவர் 8 மணி நேரம் பணியாற்றினால், 70 பணி மணிகளை நிறைவு செய்யக் குறைந்தது 9 பேர் வேண்டும். உணவு இடைவேளை, விடுப்பு, நோய், பயிற்சி ஆகியவற்றையும் கருதினால் இத்தொகை மேலும் உயரும். சமையல், துப்புரவு, அலுவலக வேலைகளில் ஈடுபட்டிருப்போர் அந்த நேரத்தில் விகிதக் கணக்கில் சேர்வதில்லை.

பொறுப்புகள்

பதிவுபெற்ற உரிமையாளர்: காப்பகத்தை நடத்தும் தனிநபர் அல்லது நிறுவனம். சட்டத்துக்கு இறுதிப் பொறுப்பு இவருடையது. கடுமையான விபத்து, மேலாளர் மாற்றம் போன்றவற்றை 14 நாட்களுக்குள் ஆஃப்ஸ்டெட்டுக்கு அறிவிக்க வேண்டும்.

மேலாளர்: மேல்நிலைப் பள்ளிக் கல்விக்கு இணையான மூன்றாம் நிலைத் துறைத் தகுதியும், குறைந்தது இரண்டாண்டு பொருத்தமான பட்டறிவும் பெற்றிருத்தல் வேண்டும். பணியாளர் அட்டவணை, பெற்றோர் தொடர்பு, வரவு செலவு, ஆய்வுகளுக்கு ஆயத்தம் ஆகியவை இவரது அன்றாடப் பணிகள்.

துணை மேலாளர்: மேலாளர் இல்லாத வேளையில் பொறுப்பேற்கக்கூடியவராக முன்கூட்டியே குறிப்பிடப்பட்டவர்.

அறைத் தலைவர்: ஒரு வயதுப் பிரிவின் அறையை நடத்துபவர். இது பெரும்பாலான காப்பகங்களில் வழக்கத்திலுள்ள பதவி.

தனிப்பொறுப்பாளர்: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பணியாளர் பெயர் குறித்து ஒதுக்கப்பட வேண்டும் என்பது கட்டாயம். குழந்தையின் உறக்கம், உணவு, வளர்ச்சி ஆகியவற்றைக் கவனித்துப் பெற்றோருடன் பேசுபவர் இவரே.

பாதுகாப்புப் பொறுப்பாளர்: குழந்தைகள் மீதான கொடுமை அல்லது புறக்கணிப்பு பற்றிய ஐயங்களைப் பெற்று, உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பவர்.

சிறப்புக் கல்வித் தேவைகள் ஒருங்கிணைப்பாளர்: வளர்ச்சிக் குறைபாடு அல்லது கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளுக்கான ஏற்பாடுகளை ஒருங்கிணைப்பவர்.

மேலாளர் நீங்கலான பணியாளருள் குறைந்தது பாதிப்பேர் இரண்டாம் நிலைத் தகுதியாவது பெற்றிருத்தல் வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழ் உடைய ஒருவராவது எந்நேரமும் வளாகத்தில் இருத்தல் அவசியம். அச்சான்றிதழ் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

பாதுகாப்பும் மேற்பார்வையும்

எண்ணிக்கை விதி மட்டும் குழந்தைகளைக் காப்பதில்லை என்பதைச் சில நிகழ்வுகள் உணர்த்தின. 2009 இல் பிளிமத் நகரக் காப்பகம் ஒன்றின் பணியாளர் குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உட்படுத்திப் படம் எடுத்தது வெளிப்பட்டது. 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கைப்பேசி, ஒளிப்படக் கருவிப் பயன்பாடு பற்றிய எழுத்துவடிவக் கொள்கையும், பணியாளர் தமது கவலைகளைத் தயக்கமின்றிப் பேசுவதற்கான முறையான மேற்பார்வைச் சந்திப்புகளும் கட்டாயமாயின.

2022 மே மாதம் ஸ்டொக்போர்ட் பகுதிக் காப்பகம் ஒன்றில், குப்புறக் கிடத்திக் கட்டப்பட்ட ஒன்பது மாதக் குழந்தை கவனிப்பின்றி மூச்சுத்திணறி இறந்தது. பணியாளர் ஒருவருக்கு 2024 இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. குழந்தைகளை மல்லாந்த நிலையில் உறங்க வைத்து அடிக்கடி பார்வையிட வேண்டும் என்பது அடிப்படை நடைமுறை. 2023 செப்டெம்பர் முதல், உண்ணும் வேளையில் குழந்தைகள் பணியாளரின் பார்வைக்கும் செவிக்கும் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பதும் விதியாகியுள்ளது.

விவாதங்கள்

பணியாளர் ஊதியமே காப்பகச் செலவின் பெரும்பகுதி என்பதால் விகிதம் அரசியல் விவாதத்துக்குரியதாக உள்ளது. 2013 சனவரியில் அரசு இவ்விகிதத்தைத் தளர்த்த முன்மொழிந்து, எதிர்ப்பின் காரணமாக அதே ஆண்டு சூனில் கைவிட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் 2 வயதினருக்கான விகிதம் மட்டும் தளர்த்தப்பட்டது. ஆதரிப்போர் ஸ்கொட்லாந்தில் ஏற்கனவே இதே விகிதம் இருந்ததைச் சுட்டினர். எதிர்ப்போர், ஒரு பணியாளரின் கவனம் கூடுதலாகப் பங்கிடப்படும் என்றும் பணிச்சுமையால் பலர் துறையை விட்டு விலகுவர் என்றும் வாதிட்டனர். பணிபுரியும் பெற்றோரின் ஒன்பது மாதம் முதலான குழந்தைகளுக்கு, பள்ளித் தவணை வாரங்களில் வாரம் 30 மணி நேர அரசு நிதிப் பராமரிப்பு 2025 செப்டெம்பரில் விரிவாக்கப்பட்டதை அடுத்து, தகுதிபெற்ற பணியாளருக்கான தேவை மேலும் அதிகரித்துள்ளது.