குடவூர் நாடு: அலிபிரிச் சூழலில் ஓர் ஊராட்சி வட்டாரத்தின் வரலாறு

தமிழ் வழங்கிய நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைச் சுட்டுகிறது. அம்மலையேறும் படிவழி தொடங்கும் அடிவாரமே அலிபிரி. ‘அடிப்புளி’ என்பதன் திரிபே இப்பெயர் என்பாரும் உளர். இன்று திருப்பதி நகரோடு இணைந்துவிட்ட இச்சூழல், இடைக்காலத்தில் திருவேங்கடக் கோட்டத்துக் குடவூர் நாடு என வழங்கிற்று. வழக்கிழந்த அவ்வூராட்சி வட்டாரத்தில் சபையின் அதிகாரம் கோயிலுக்குப் பெயர்ந்த வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொண்டை மண்டலத்தில் ஊர்கள் நாட்டிலும், நாடுகள் கோட்டத்திலும் அடங்கின. குடவூர் நாட்டின் முதன்மைச் சபை திருச்சோகினூரில், அதாவது இன்றைய திருச்சானூரில், இயங்கியது. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் தந்திவர்மனின் 51ஆம் ஆட்சியாண்டில், சோழநாட்டு அடியார் ஒருவர் விளக்கெரிக்க அளித்த பொன்னை ஏற்றுக்கொண்டது இச்சபையே. 10ஆம் நூற்றாண்டில் காடவன் பெருந்தேவி என்னும் சாமவை வெள்ளித் திருமேனி எழுந்தருளுவித்துக் கோயிலுக்கு நிலமளித்தபோதும் அந்நிலத்தை இச்சபையாரிடமிருந்தே பெற்றாள். கொடையாளர் பொன் கொடுப்பர். சபை அதனை முதலாகக் கொண்டு அறத்தை நடத்தும். இந்நம்பிக்கையே ஊராட்சியின் அடித்தளமாக இருந்தது எனலாம்.

இவ்வடித்தளம் தளர்ந்தமைக்கு முதலாம் இராசேந்திர சோழன் காலத் திருமலைக் கல்வெட்டு சான்றாகிறது. தேவதான ஊரான திருமுண்டியத்துச் சபையார், கற்பூர விளக்கொன்று உட்பட 24 விளக்குகள் எரிக்க 23 பொன் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்கள் எரித்தவை 2 விளக்குகளே. அரச அதிகாரியான கொற்றமங்கலமுடையான் இதனை விசாரித்து, அப்பொன்னைக் கோயிற் பண்டாரத்தில் சேர்த்து, விளக்கெரிக்கும் பொறுப்பையும் கோயிலிடமே ஒப்படைக்கச் செய்தான். சபை தவறியவிடத்து, அதன் கடமை மற்றொரு சபைக்குச் செல்லாது பண்டாரத்துக்குச் சென்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

விசயநகரக் காலத்தில் இப்போக்கு முழுமை பெற்றது. கொடைப்பொன்னைத் தானத்தார் ஏற்று, கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டுவித்து, பெருகிய விளைச்சலைக் கொண்டு கட்டளைகளை நடத்தினர். திருச்சோகினூர்ச் சபையாரும் அத்தானத்தாருள் ஓருறுப்பாயினர். அறத்தைத் தாமே நடத்திய சபை, கோயில் நிருவாகத்துள் ஓர் இடமாகச் சுருங்கிற்று.

பின்னாளில் ஊராட்சி அரசின் சட்டவழியே திரும்பியது. 1884ஆம் ஆண்டுச் சென்னைத் தலத்தாபனச் சட்டம் மாவட்ட, வட்டக் கழகங்களைத் தோற்றுவித்தது. வட ஆர்க்காட்டிலிருந்த சந்திரகிரி வட்டம் 1911இல் புதிய சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 1985இல் ஆந்திரத்தில் வட்டங்கள் மண்டலங்களாயின. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வெல்லைகள் யாவும் ஆணைகளால் அமைந்தவை, ஆணைகளாலேயே மாறியவை.

குடவூர் நாட்டுச் சபையின் வீழ்ச்சியோ அத்தகையதன்று. ஏற்ற பொறுப்பினை ஆற்றாமையும், அதனை ஆற்றவல்ல வேறொரு நிறுவனம் அருகிலேயே வளர்ந்தமையும் அதற்குக் காரணங்களாயின. ஆட்சிப் பிரிவுகளின் வரலாற்றை எல்லைகளைக் கொண்டு மட்டும் எழுதுவது போதாது. பொதுப்பொருள் யார் கையில் இருந்தது, அதற்கு யார் கணக்குக் காட்டினர் என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். எரியாத 22 விளக்குகள் உணர்த்துவது இதுவே.