நடேசய்யரும் ஹட்டன் தொகுதியும்

1936ஆம் ஆண்டு நடைபெற்ற இலங்கை அரசாங்க சபைத் தேர்தலில் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டவர் கோ. நடேசய்யர் அவர்கள். தஞ்சைத் தரணியிலிருந்து வந்தவர், தொழிலால் பத்திரிகாசிரியர். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பிழைத்தவரல்லர். ஆயினும் கொழுந்து கிள்ளுவோரின் வாக்குகளே அவரைச் சபைக்கு அனுப்பின. இஃது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இன்று நேயர்களோடு சிறிது சிந்திக்க விரும்புகின்றேன்.

அக்காலத்துத் தோட்டம் தனக்கென எல்லையும் சட்டமும் உடைய ஒரு சிற்றரசு போன்றது. துரை, அவருக்குக் கீழே கணக்கப்பிள்ளை, பெரியகங்காணி, சில்லறைக் கங்காணி. அடியிலே லயத்தில் வாழும் தொழிலாளி. அவன் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் அவனைத் தொடர்ந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதெனினும் கங்காணியின் பிடி அவ்வளவு எளிதில் தளரவில்லை. லயமும் அதற்குச் செல்லும் பாதையும் தோட்டத்துக்கே உரியவை. அழையாத அந்நியர் எவரும் அத்துமீறிப் புகுந்தவராகவே கருதப்பட்டார். இதனால் நடேசய்யர் தொடக்க காலத்தில் புடவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமைகளைக் கண்டறிந்தார் என்று சொல்லப்படுகின்றது. புடவை மூட்டைக்குத் திறந்த வழி, பத்திரிகாசிரியருக்குத் திறந்திருக்கவில்லை.

அவர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' முதலிய பத்திரிகைகளை நடாத்தினார். கொழும்பிலே ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உபதலைவராக இருந்தார். பின்னர் குணசிங்காவின் இயக்கம் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பவே, அதைவிட்டு விலகினார். 1931இல் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை வீழ்ந்து கூலி குறைக்கப்பட்ட காலம் அது. கூட்டங்களிலே அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே இயற்றிய பாடல்களைப் பாடினார். எழுத்தறியாத தொழிலாளரிடம் அப்பாடல்கள் பத்திரிகை செல்லாத இடத்துக்கும் சென்றன. அய்யரின் புகழைப் பேசுவோர் அம்மையாரை மறந்துவிடுதல் நியாயமன்று என்பது என் கருத்து.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நடேசய்யர் 1936க்கு முன்னரும் சட்டமியற்றும் சபையில் இருந்தவரே. முன்னைய சட்டநிரூபண சபையில் இந்தியரின் பிரதிநிதியாக அவர் அமர்ந்திருந்தார். ஆனால் அந்நாளில் வாக்குரிமை சொத்தும் கல்வியும் உடையோருக்கே உரியது. தொழிலாளருக்காக அவர் அங்கே பேசினார். தொழிலாளரோ அவருக்கு வாக்களிக்க இயலாதவர். டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த பின்னரே நிலைமை மாறியது. பரீட்சைக்குப் படிக்கும் நம் மாணவர் டொனமூர் என்ற பெயரை மனனம் செய்கின்றனர். அவ்வாக்குரிமை ஒரு லயத்து வாசலில் என்ன பொருள் தந்தது என்பதைக் கேட்பதில்லை.

அவ்வுரிமைதானும் முழுமையாகக் கிடைக்கவில்லை. இந்தியத் தொழிலாளி தான் இந்நாட்டை நிலையான வதிவிடமாகக் கொண்டவன் என்று காட்டவேண்டும். அல்லது ஐந்து ஆண்டு வாசத்தைக் காட்டி, இந்தியர் என்ற வகையில் தனக்குள்ள விசேட பாதுகாப்புகளைத் துறந்து நிரந்தரக் குடியேற்ற அத்தாட்சி பெறவேண்டும். இரண்டாவது வழியை நாடினோர் மிகச் சிலர். இவ்வளவு தடையிருந்தும் 1931இல் ஏறக்குறைய ஒரு இலட்சமாக இருந்த இந்திய வாக்காளர் தொகை, 1936இல் ஏறக்குறைய 1,45,000 ஆக உயர்ந்தது.

1931இல் ஹட்டன் தொகுதியின் பிரதிநிதியாக விளங்கியவர் பெரி. சுந்தரம். கல்விமான், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் பணியாற்றியவர். 1936இல் அத்தொகுதி தொழிற்சங்கத் தலைவரின் கைக்கு வந்தது. அந்நாளைய தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு நிறமாக வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டன. படிக்கத் தெரியாதவரும் தம் வேட்பாளரின் நிறத்தை அறிந்து அப்பெட்டியில் சீட்டை இட்டனர். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடக் கேட்டு நின்ற அதே மனிதர், அன்று மட்டும் துரைக்குச் சமமான ஒரு வாக்கை உடையவராயிருந்தார்.

அய்யர் குறையற்ற தலைவர் என்று நான் கூறமாட்டேன். சம்மேளனம் பெரும்பாலும் அவர் ஒருவரையே நம்பி நின்றது. 1939இல் நேருவின் வருகையை ஒட்டி இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றி, அடுத்த ஆண்டில் தொழிற்சங்கமும் அமைத்தபோது, தொழிலாளர் பெருந்தொகையாய் அப்பக்கம் சென்றனர். 1947ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. வென்றவர்களுள் நடேசய்யர் இல்லை. அவ்வாண்டிலேயே அவர் காலமானார்.

1948இல் குடியுரிமைச் சட்டமும், 1949இல் தேர்தற் சட்டத் திருத்தமும் வந்தன. வாக்காளர் இடாப்பிலிருந்து தோட்டத் தொழிலாளரின் பெயர்கள் பெருவாரியாக நீங்கின. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் பாராளுமன்றம் சென்றவர் ஒருவருமில்லர். 1936இல் ஹட்டனில் நிறப்பெட்டியை நாடிச் சென்றவர்களுள் எத்தனையோ பேர் அப்போதும் அதே மலைகளில் கொழுந்து கிள்ளிக்கொண்டுதான் இருந்தனர்.