ஷெல்டன் அளவுகோல்

பழைய நாணயத்தின் நிலையை 1 முதல் 70 வரையிலான எண்ணால் குறிக்கும் முறை ஷெல்டன் அளவுகோல். அமெரிக்கரான வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன் 1949-இல் இதை வகுத்தார். உருத்தெரியாமல் தேய்ந்த காசுக்கு 1; நாணயச்சாலையில் அடித்த நொடியில் இருந்ததைப் போலவே மாசுமறுவின்றி இருப்பதற்கு 70. இன்று தேய்மானத்தை அளக்கும் கோலாகப் பயன்படும் இது, பிறந்தபோது ஒரு விலை வாய்பாடாகவே இருந்தது.

சொற்களின் காலம்

எண்கள் வருவதற்கு முன் நாணயத்தின் தரத்தைச் சொற்களால்தான் சொன்னார்கள். பிரிட்டனில் ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட் என்ற படிநிலை வழங்கியது. இந்தியச் சேகரிப்பாளர்கள் இன்றும் சொல்லும் வி.எஃப்., எக்ஸ்.எஃப்., யு.என்.சி. ஆகியவை இவ்வகைச் சொற்களின் சுருக்கங்களே. ஆனால் விற்பவர் வாயில் வெரி ஃபைனாக இருக்கும் காசு, வாங்குபவர் கண்ணுக்கு வெறும் ஃபைனாகத் தெரியும். அடுத்தடுத்த இரு சொற்களுக்கிடையே எவ்வளவு தூரம் என்பதற்கு விடை கிடையாது.

தோற்றம்

ஷெல்டன் ஓர் உளவியலாளர். மனித உடல்வாகை மூன்று கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்துப் பெயர் பெற்றவர். அந்த எண் பித்தைத் தம் சேகரிப்புக்கும் கொண்டுவந்தார். 1793 முதல் 1814 வரை அச்சான பெரிய செப்பு சென்ட்டுகளைப் பற்றி அவர் எழுதிய 'எர்லி அமெரிக்கன் சென்ட்ஸ்' என்ற நூலில் இந்த அளவுகோல் இடம்பெற்றது.

கணக்கு எளிது. ஒரு வகை சென்ட்டில் மிக மட்டமான நிலையிலுள்ள காசின் விலையை அடிப்படை விலையாகக் கொள்ள வேண்டும். அதைத் தர எண்ணால் பெருக்கினால் மற்றக் காசுகளின் விலை கிடைக்கும். அடிப்படை 2 டாலர் என்றால், 20 என்ற தரமுள்ள வெரி ஃபைன் காசு 40 டாலர். குறையற்ற காசு, மிகத் தேய்ந்ததைவிட ஏறத்தாழ எழுபது மடங்கு விலைபோனதாக அவர் கணித்ததால்தான் உச்சம் 70 ஆயிற்று, 100 ஆகவில்லை.

வாய்பாடு போய் எண் நின்றது

உயர்தரக் காசுகளின் விலை அடுத்த ஆண்டுகளில் எகிற, பெருக்கல் கணக்கு பொய்த்துப்போனது. எண்கள் மட்டும் நிலைத்தன. 1970-இல் ஜேம்ஸ் ரடியின் 'போட்டோகிரேடு' நூல், ஒப்பிட்டுப் பார்க்கப் புகைப்படங்களைத் தந்தது. 1977-இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் ஷெல்டனின் எண்களை எல்லா அமெரிக்க நாணயங்களுக்கும் பொதுவாக்கியது. புழங்காத நாணயங்களுக்கு முதலில் 60, 65, 70 என்ற மூன்று படிகளே இருந்தன. 1980களில் இடைவெளிகள் நிரம்பி, 60 முதல் 70 வரை பதினொரு படிகளாயின.

தரம் காணும் முறை

மோர்கன் வெள்ளி டாலரை எடுத்துக்கொள்வோம். விளிம்பில் பிடித்து ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், புழங்காத நாணயத்தில் ஒளி வண்டிச்சக்கர ஆரங்களைப் போலச் சுழலும். தேய்மானம் மேடான இடங்களில் தொடங்கும்: முன்புறம் சுதந்திரதேவியின் காதுக்கு மேலுள்ள முடி, பின்புறம் கழுகின் மார்பு. அங்கே ஒளி அறுபட்டு மங்கினால் காசு கை மாறியிருக்கிறது. 60-க்குக் கீழே இறங்கிவிடும். முடி தட்டையாக இருந்தும் பொலிவு அறுபடவில்லையென்றால், குறை அச்சு சரியாகப் பதியாததில் இருக்கலாம்.

புழங்காததெல்லாம் உயர்தரமும் அல்ல. இந்த டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பைகளில் கட்டி வைத்ததால், ஒன்றோடொன்று உரசிக் கன்னத்தில் வெட்டுத் தழும்புகள் ஏறின.

பெருங்குற்றம் துலக்குவது. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி நல்லது, பழங்காசுக்கு ஆகாது. அமிலமும் தேய்ப்பும் மேற்பரப்பை அரித்துவிடும். அப்படித் துலக்கிய காசுக்குச் சான்று நிறுவனங்கள் பொதுவாக எண் தருவதில்லை. துலக்கப்பட்டது என்ற குறிப்போடு நிறுத்திக்கொள்ளும்.

சான்றளிப்பு

நாணயவியல் சங்கத்தின் ஏனாக்ஸ் பிரிவு 1979-இல் கட்டணத்துக்குத் தரம் சொல்லத் தொடங்கியது. 1986-இல் பி.சி.ஜி.எஸ். நிறுவனமும், 1987-இல் என்.ஜி.சி.யும் வந்தன. இவை நாணயத்தைப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து, தர எண்ணையும் பதித்துத் தருகின்றன. சேகரிப்பாளர்கள் இதை 'ஸ்லாப்' என்பார்கள். 64-க்கும் 65-க்கும் விலை பன்மடங்கு வேறுபடும்போது, பேழையை உடைத்துக் கூடுதல் எண் கிடைக்குமா என்று மறுபடி அனுப்புவோரும் உண்டு. 2007-இல் தொடங்கிய சி.ஏ.சி. நிறுவனம், ஏற்கெனவே தரமிட்ட நாணயங்களைச் சோதித்து, தேறியவற்றின் பேழையில் பச்சை ஒட்டுவில்லை பதிக்கிறது.

எல்லை

கையால் அடித்த பழங்காசுகளுக்கு இந்த அளவுகோல் ஒத்துவருவதில்லை. அச்சு மையம் விலகியிருப்பதும் தேய்மானமும் வெவ்வேறு. அதனால் என்.ஜி.சி., பண்டைய கிரேக்க, ரோமானிய நாணயங்களின் தேய்மானத்தைச் சொல்லால் குறித்து, அடிப்புக்கும் மேற்பரப்புக்கும் ஐந்துக்கு இத்தனை எனத் தனித்தனியே மதிப்பிடுகிறது.

ஷெல்டன் 1977-இல் இறந்தார். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் (மேலே சொன்ன சங்கம் வேறு, இது வேறு) தொகுப்பிலிருந்த உயர்தர சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தரம் குறைந்தவற்றை அவர் அங்கே மாற்றி வைத்திருந்தது பின்னர் வெளிவந்தது. நாணயங்களை மீட்கக் கழகம் நீதிமன்றம் வரை சென்றது. ஒரே வகைக் காசுகளில் ஓரிரு எண் வித்தியாசத்துக்கு என்ன பெறுமதி என்பது, எண்ணை வகுத்தவருக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.